முகாமில் எல்இடி விளக்கு மாற்றப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எம்இஎஸ் என்று எல்லோரும் சொல்லும் மிலிட்டரி இன்ஜினியர் சர்வீசஸில், மின் பிரிவில் சிவிலியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ராணுவம், விமானப்படை, கடற்படை மூன்றுக்கும் கட்டடம், தண்ணீர், கரண்ட் பார்த்துக்கொள்கிற துறை அது, 1923-லிருந்து இருக்கிறது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஜூனியர் இன்ஜினியர்களும், காண்ட்ராக்ட் எடுக்கிறவர்களும், குவார்ட்டர்ஸில் இருக்கிற குடும்பங்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே எழுதி வைக்கிறேன். எந்த முகாமில் எந்த விளக்கு எங்கே இருக்கிறது என்ற விவரம் எதுவும் இதில் கிடையாது, கேட்கவும் வேண்டாம்.

விளக்கு மாற்றுவதில் முகாமுக்கென்று தனியாக என்ன இருக்கிறது? வீட்டில் மாற்றுவது போலத்தானே?

பாதி அப்படித்தான். சிப்பாய்கள் தங்குகிற பாரக், அலுவலகம், மெஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி இதெல்லாம் ஆவடியானாலும் வெலிங்டனானாலும் வெளியில் இருக்கிற கட்டடம் மாதிரிதான். மீதிப் பாதிதான் தலைவலி. சுற்றுச்சுவர், விமானம் நிறுத்துகிற ஹேங்கர், வெடிமருந்துக் கிடங்கு, சிக்னல் அறை, உயரமான கோபுரத்தின் உச்சி விளக்கு. வீட்டில் வெளிச்சம் கூடினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். முகாமில் சில இடங்களில் இருட்டும் தேவை. அதை மறந்துவிட்டு வாட் கணக்கை மட்டும் பார்த்து மாற்றினால், கரண்ட் பில் குறையும், அப்புறம் இரண்டு வருடம் கழித்துப் பாதி விளக்கைக் கழற்றி வேறு இடத்தில் மாட்டிக்கொண்டிருப்பீர்கள்.

ஆயிரக்கணக்கில் டியூப்லைட் இருக்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

எத்தனை விளக்கு என்று எண்ணாதீர்கள், எத்தனை மணி நேரம் எரிகிறது என்று எண்ணுங்கள். பழைய 36 வாட் டியூப்பும் அதன் செம்புக் கம்பி சோக்கும் சேர்ந்து ஏறக்குறைய 48 வாட் இழுக்கும். அந்த இடத்தில் 20 வாட் எல்இடி பேட்டன், அதாவது ஃபிட்டிங்கோடு சேர்ந்தே வருகிற நீள விளக்கு, போதும். மிச்சம் 28 வாட். பாரக் வராந்தாவில் ராத்திரி முழுக்க, அதாவது 12 மணி நேரம் எரிகிற விளக்கென்றால் வருடத்துக்குச் சுமார் 122 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆயிரம் ரூபாய்க்குக் கிட்டே வருகிறது. பேட்டன் விலை 250 ரூபாய் என்றால் மூன்றே மாதத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். அதே பேட்டனை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் மட்டும் திறக்கிற ஸ்டோர் ரூமில் மாட்டினால் வருடத்துக்கு 10 யூனிட்தான் மிச்சம், பணம் திரும்ப மூன்று வருடம் ஆகும்.

ஆனால் நடைமுறையில் என்ன நடக்கும் தெரியுமா? கமாண்டர் அறை, கான்ஃபரன்ஸ் ஹால், ஆபீசர்ஸ் மெஸ் மூன்றும் முதலில் பளபளவென்று மாறிவிடும், பின்பக்கத்து லெட்ரின் வராந்தாவில் மட்டும் பழைய டியூப் விடிய விடிய எரிந்துகொண்டிருக்கும். அதை முதலில் மாற்றுங்கள். ராத்திரி 11 மணிக்கு ஒரு நடை, விடியற்காலை 4 மணிக்கு ஒரு நடை போய், எரிகிற விளக்கையெல்லாம் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு வந்தால் அதுவே உங்கள் முன்னுரிமைப் பட்டியல்.

பழைய ஃபிட்டிங்கை அப்படியே வைத்துவிட்டு எல்இடி டியூப் மட்டும் மாட்டினால் ஆகாதா?

ஆகும். அவசரத்துக்கு அதைத்தான் செய்வார்கள். ஆனால் சோக் லைனிலேயே இருந்தால் அதுவும் கொஞ்சம் தின்றுகொண்டிருக்கும். சோக்கைக் கழற்றி நேராக 230 வோல்ட் கொடுத்து வயர் மாற்றினீர்கள் என்றால், அந்த ஃபிட்டிங்கின் மேல் பெயிண்டால் பெரிதாக “எல்இடி மட்டும்” என்று எழுதிவிடுங்கள். மூன்று வருடம் கழித்து வேறு யாரோ ஸ்டோரில் மிச்சமிருந்த பழைய டியூப்பை அதில் மாட்டுவார். கரண்டைத் தடுத்து நிறுத்த சோக் இல்லாததால் டப்பென்று போகும், ஏணியில் நிற்கிறவன் கைக்குப் பக்கத்தில். படைப்பிரிவுகள் வந்து போய் மாறுகிற இடம் இது, இன்று இருக்கிற ஆள் நாளைக்கு இருக்க மாட்டார், அதனால் வாயால் சொல்லி வைப்பதெல்லாம் நிற்காது. என்னைக் கேட்டால் முழு பேட்டனாக மாற்றிவிடுவதே நல்லது.

சுவிட்சை அணைத்த பிறகும் எல்இடி லேசாக மினுங்குகிறதே, அது பரவாயில்லையா?

வீட்டில் பரவாயில்லை. முகாமில் பரவாயில்லை என்று நானும்தான் ஒரு காலத்தில் நினைத்தேன்.

வடக்கே ஒரு ராணுவ ஸ்டேஷனில் பிளாக் அவுட் ஒத்திகை, அதாவது வெளிச்சமே தெரியாமல் எல்லாவற்றையும் அணைத்துப் பார்ப்பது. எல்லா விளக்கும் அணைத்தாயிற்று என்று ரிப்போர்ட் கொடுத்துவிட்டோம். தண்ணீர்த் தொட்டி மேலே நின்று பார்த்த அதிகாரி கீழே ஆளனுப்பிக் கூப்பிட்டார். மேலே ஏறிப் பார்த்தால், அமாவாசை இருட்டில் ஒரே ஒரு பாரக் மட்டும் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு ஜன்னலில் வெளிறிய நீல நிறத்தில் மங்கலாகத் தெரிகிறது. சுவிட்ச் எல்லாம் ஆஃப்தான். பழைய வயரிங் போட்ட காண்ட்ராக்டர் ஆள் சுவிட்சைக் கரண்ட் வருகிற ஃபேஸ் வயரில் போடாமல், திரும்பிப் போகிற நியூட்ரல் வயரில் போட்டு வைத்திருந்தான். குண்டு பல்பும் டியூப்லைட்டும் இருந்த வரை அது யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் கசிந்து வருகிற துளி கரண்டில் அவை எரியாது. எல்இடிக்கு அந்தத் துளி போதும். அன்று ராத்திரியே மெயினை இறக்கிவிட்டு, அடுத்த வாரம் முழுக்க அந்த பாரக்கில் ஒவ்வொரு சுவிட்ச் போர்டாகத் திறந்து மாற்றினோம்.

2025 மே மாதம் நாடு முழுக்க ஆபரேஷன் அப்யாஸ் என்று சிவில் டிஃபென்ஸ் ஒத்திகை நடந்ததும், பதான்கோட், அமிர்தசரஸ், ஜம்மு பக்கமெல்லாம் நிஜமாகவே ஊரை இருட்டாக்க வேண்டி வந்ததும் எல்லோருக்கும் நினைவிருக்கும். அதனால் விளக்கு மாற்றுகிற அன்றைக்கே டெஸ்டரை வைத்து, சுவிட்ச் ஃபேஸில்தான் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மினுங்கலுக்கு வேறு காரணமும் உண்டு: நீளமான வயர்கள் ஒட்டி ஓடுவதால் வருகிற கசிவு, சுவிட்சிலேயே இருக்கிற சின்ன இண்டிகேட்டர் விளக்கு. ஆனால் பத்தில் எட்டுத் தடவை நான் பார்த்தது நியூட்ரல் சுவிட்ச்தான்.

சுற்றுச்சுவர் சோடியம் விளக்கை மாற்றினால் காவலுக்கு நல்லதா, கெட்டதா?

ஒழுங்காக மாற்றினால் ரொம்ப நல்லது. 250 வாட் சோடியம் விளக்கு அதன் பேலஸ்டோடு, அதாவது சோக்கோடு, 275 வாட் வரை இழுக்கும். அந்த இடத்தில் 120 வாட் எல்இடி போட்டால் ஒரு கம்பத்துக்கு வருடம் 680 யூனிட் மிச்சம். ஆனால் காவலில் நிற்கிறவனுக்குப் பெரிய லாபம் வேறு. சோடியம் வெளிச்சத்தில் எல்லாமே மஞ்சளும் பழுப்பும்தான். ஆலிவ் பச்சை, காக்கி, சாம்பல் சட்டை மூன்றையும் பிரித்துச் சொல்ல முடியாது. எல்இடியில் நிறம் தெரியும். “நீலச் சட்டை போட்ட ஆள்” என்று வாக்கிடாக்கியில் சொன்னால் அது நீலமாகவே இருக்கும். அப்புறம், கரண்ட் போய் ஜெனரேட்டர் வந்தால் சோடியம் விளக்கு சூடு ஆறி மறுபடி பற்றி முழு வெளிச்சத்துக்கு வரச் சில நிமிடம் ஆகும். சுவர் ஏறுகிறவனுக்கு அந்தச் சில நிமிடம் போதும். எல்இடி உடனே எரியும்.

கெடுவது எங்கே என்றால் கோணத்தில். எல்இடி சின்ன இடத்திலிருந்து சுள்ளென்று அடிக்கிற வெளிச்சம். பழைய கம்பத்தில் பழைய சாய்வில் அப்படியே மாட்டினால் அது காவலில் நிற்கிற சென்ட்ரியின் கண்ணில் அடிக்கும். மோர்ச்சாவில், அதாவது காவல் மறைவிடத்தில், நிற்கிறவன் இருட்டில் இருக்க வேண்டும், வெளியே வருகிறவன் வெளிச்சத்தில் இருக்க வேண்டும். நான் பார்த்த ஒரு இடத்தில் இது நேர்மாறாக இருந்தது. புது விளக்கு போட்ட மறுநாள் காவலில் இருந்த பையன் நெற்றியில் கையை வைத்து நிழல் பிடித்துக்கொண்டு நின்றான், ரோட்டில் வருகிறவனுக்கு அவன் சட்டைப் பொத்தான் வரை தெரிந்திருக்கும். அதனால் வெளிச்சம் அளக்கிற லக்ஸ் மீட்டரோடு பகலில் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். ராத்திரி சென்ட்ரி நிற்கிற இடத்தில் பத்து நிமிடம் நின்று பாருங்கள்.

நைட் விஷன் கண்ணாடிக்கும் எல்இடிக்கும் ஆகாது என்கிறார்களே?

முழு உண்மை இல்லை, முக்கால் உண்மை. விமானிகள் போடுகிற நைட் விஷன் கண்ணாடி, ஆழ்ந்த சிவப்பையும் அதற்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பையும் பிடித்துப் பெருக்கிக் காட்டும். காக்பிட்டுக்குள் இருக்கிற விளக்குகள் கண்ணைக் கூசவைக்காமல் இருக்க, 625 அல்லது 665 நானோமீட்டருக்குக் கீழே வருகிற வெளிச்சத்தை அது வடிகட்டிவிடும். கோபுர உச்சியில் இருந்த பழைய குண்டு பல்பு அகச்சிவப்பைக் கொட்டும், அதனால் கண்ணாடியில் பளிச்சென்று தெரிந்தது. சிவப்பு எல்இடி 620-ஐ ஒட்டிய ஒரு குறுகிய பட்டையில் மட்டும் எரிகிறது. வெறும் கண்ணுக்கு அழகான சிவப்பு விளக்கு, கண்ணாடி வழியே பார்த்தால் அங்கே ஒன்றுமே இல்லை. தாழப் பறக்கிற ஹெலிகாப்டருக்கு இது உயிர்ப் பிரச்சினை. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2009-லேயே இதைப் பற்றி விமானிகளுக்கு எச்சரிக்கை கொடுத்தது.

தீர்வு உண்டு. சிவப்போடு அகச்சிவப்பு எல்இடியும் சேர்த்த தடை விளக்கு (உயரமான கட்டடம் இருக்கிறது என்று விமானிக்குக் காட்டுகிற உச்சி விளக்கு) கிடைக்கிறது. விலை கொஞ்சம் கூட. சூலூர், தாம்பரம், அரக்கோணம் மாதிரி விமானம் ஏறி இறங்குகிற இடத்துக்குப் பக்கத்தில் வேலை என்றால், தண்ணீர்த் தொட்டியின் உச்சி விளக்கைக்கூட விமானப் பிரிவிடம் கேட்காமல் மாற்றாதீர்கள். ரன்வே விளக்கு இன்னும் தனி உலகம், அது 6.6 ஆம்பியர் தொடர் இணைப்பில் ஓடுகிற ஏற்பாடு, அதில் நம் பேட்டன் அனுபவம் எதுவும் செல்லாது.

புது விளக்கு போட்டதிலிருந்து வயர்லெஸ் செட்டில் இரைச்சல் வருகிறது. விளக்குதான் காரணமா?

பெரும்பாலும் ஆமாம். எல்இடிக்குள் இருக்கிற டிரைவர் கரண்டை நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டிக் கொடுக்கிறது. மலிவு டிரைவரில் வடிகட்டும் பகுதியை மிச்சம் பிடித்துவிடுவார்கள், அந்த இரைச்சல் வயர் வழியாகவும் காற்றிலும் பரவி, தொலைதூர வயர்லெஸ் பேசுகிற எச்எஃப் அலைவரிசை வரை போகும்.

சோதிக்க லேபுக்கு ஓட வேண்டாம். பழைய பேட்டரி டிரான்சிஸ்டர் ரேடியோ ஒன்றை மீடியம் வேவில் ஸ்டேஷன் இல்லாத இடத்தில் வைத்து, விளக்குக்கு ஒரு அடி தள்ளிப் பிடியுங்கள். விளக்கைப் போட்டதும் உர்ரென்று ஒரு சத்தம் ஏறி, அணைத்ததும் நின்றால் விஷயம் முடிந்தது. நல்ல டிரைவர் என்றால் ரேடியோவை விளக்கின் மேலேயே ஒட்டினால்தான் லேசாகக் கேட்கும். காண்ட்ராக்டர் கொண்டுவந்த நாலு சாம்பிளை மேசையில் வரிசையாக வைத்து இந்த டிரான்சிஸ்டரைக் காட்டினாலே இரண்டு பேர் பெட்டியை மூடிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள், நான் பார்த்திருக்கிறேன். ஆனால் இது கரடுமுரடான சோதனைதான். சிக்னல் அறைக்கு, விளக்கு கிளப்புகிற ரேடியோ இரைச்சலுக்கு வரம்பு வைக்கிற சிஸ்பர் 15 தரத்துக்கான டெஸ்ட் ரிப்போர்ட் கேட்டு வாங்குங்கள்.

வெடிமருந்துக் கிடங்கில்?

உங்கள் இஷ்டத்துக்கு ஒரு ஸ்குரூகூடக் கழற்றாதீர்கள். அங்கே இருப்பது ஃபிளேம் புரூஃப் ஃபிட்டிங், உள்ளே தீப்பற்றினாலும் வெளியே பரவ விடாதது. அதற்கான சான்றிதழ் ஃபிட்டிங், கண்ணாடி, பல்பு, கேபிள் நுழைகிற கிளாண்ட் எல்லாம் சேர்ந்த முழு அமைப்புக்குக் கொடுத்தது. உள்ளே இருக்கிற பல்பை எடுத்துவிட்டு எல்இடி வைத்தால் அந்தச் சான்றிதழ் அன்றோடு காலி. மாற்றுவதென்றால் சான்றிதழ் பெற்ற முழு எல்இடி ஃபிட்டிங்காக, வெடிபொருள் பாதுகாப்பு அதிகாரிகளின் எழுத்துபூர்வ அனுமதியோடு. மிச்சமாகிற கரண்டும் இங்கே அற்பம், கிடங்கு திறந்திருக்கிற நேரமே குறைவு. கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹேங்கரிலும் ஒர்க்‌ஷாப்பிலும் எவ்வளவு மிச்சம் வரும்?

400 வாட் மெட்டல் ஹாலைடு இருந்த இடத்தில் 200 வாட் எல்இடி ஹை பே (உயரக் கூரைக்கான விளக்கு) போட்டால், பழைய பேலஸ்ட் இழுப்பதையும் சேர்த்துப் பாதிக்கு மேல். ஆனால் அதைவிடப் பெரிய மிச்சம், இனிமேல் விளக்கை அணைப்பார்கள் என்பதுதான். மெட்டல் ஹாலைடை அணைத்தால் மறுபடி எரிய பத்துப் பதினைந்து நிமிடம் பிடிக்கும், அதற்குப் பயந்து சாப்பாட்டு நேரத்திலும் யாரும் கை வைக்க மாட்டார்கள். சுவிட்சை ஒரே இடத்தில் வைக்காமல் பகுதி வாரியாகப் பிரித்துக் கொடுங்கள். ஒரு மூலையில் ஒரு இன்ஜினைப் பிரிக்கிறவனுக்காக முழுக் கூரையும் எரிய வேண்டியதில்லை.

லடாக் மாதிரி குளிரில் எல்இடி தாங்குமா?

எல்இடிக்குக் குளிர் ரொம்பப் பிடிக்கும். டியூப்லைட்தான் குளிரில் பற்றாமல் படுத்தும். தாங்காதது பேட்டரி. மைனஸ் 20 டிகிரியில் லெட் ஆசிட் பேட்டரி பாதி அளவுதான் கொடுக்கும், லித்தியம் பேட்டரியைப் பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் செய்தால் கெட்டுப்போகும். அதனால் சோலார் விளக்கின் பேட்டரியைக் கம்பத்து உச்சியில் வைக்கிற மாடல் அங்கே வேண்டாம், பங்கருக்குள் வைத்து வயர் இழுங்கள். அப்புறம் அந்த உயரத்து வெயிலில் பிளாஸ்டிக் மூடி சீக்கிரம் மஞ்சளாகிவிடும், கண்ணாடி மூடி நல்லது.

இந்த மாதிரி எல்லைக் காவல் போஸ்டில் மிச்சத்தை ரூபாயில் கணக்குப் போடக் கூடாது, டீசலில் போட வேண்டும். சின்ன ஜெனரேட்டர் ஒரு லிட்டருக்கு மூன்று யூனிட் கொடுத்தால் பெரிது. பத்து டியூப்பை எல்இடியாக்கிப் பத்து மணி நேரம் எரித்தால் கிட்டத்தட்ட ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் குறைகிறது. அந்த லிட்டரைச் சுமந்தவன் யார், எந்த வழியாக வந்தான் என்று யோசித்தால் அதன் விலை தெரியும். ஆப்கானிஸ்தானின் ஒதுக்குப்புற முகாம்களுக்குப் போய்ச் சேர்கிற எரிபொருள் ஒரு கேலன் 400 டாலர் ஆகிறது என்று 2009-ல் பென்டகன் அதிகாரிகளே அமெரிக்க நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னார்கள். மறு வருடம் அங்கே சங்கின் பகுதிக்குப் போன மரைன் படையின் இந்தியா கம்பெனி சோலார் பலகையும் எல்இடி விளக்கும் எடுத்துப் போனது. பெயரைப் பார்த்து நம் ஆட்கள் என்று நினைத்துவிடாதீர்கள், ஐ என்ற எழுத்தை வயர்லெஸ்ஸில் இந்தியா என்றுதான் சொல்வார்கள்.

ஒரு எச்சரிக்கை. விளக்கை மாற்றிவிட்டு அதே பெரிய ஜெனரேட்டரையே ஓட்டினால் டீசல் நினைத்த அளவு குறையாது. லோடு ரொம்பக் குறைந்தால் இன்ஜின் கரி பிடித்துப் புகை கக்கும். ஜெனரேட்டரையும் சின்னதாக்க வேண்டும்.

விலை குறைந்ததை எடுத்தால் என்ன கெட்டுவிடும்?

எல்இடி சில்லு சாவதில்லை, டிரைவர்தான் சாகிறது. அதிலும் உள்ளே இருக்கிற கண்டென்சர். ஆவடி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே ராத்திரியும் சூடு இறங்காது, அங்கே மலிவு விளக்கு ஒரு கோடையைத் தாண்டினால் அதிர்ஷ்டம். 2014 தொடக்கத்தில் அரசு மொத்தமாக வாங்கிய எல்இடி பல்பு 310 ரூபாய், 2016-ல் அதே கொள்முதலில் 38 ரூபாய். அதனால் விலை குறைவு என்பதாலேயே மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சாம்பிளுக்கு ஒன்று, சப்ளைக்கு வேறொன்று வருவது நடக்கிறது. சாம்பிளைத் தராசில் வைத்து எடையைக் குறித்து, கையெழுத்துப் போட்டு பீரோவில் பூட்டி வையுங்கள். லோடு வந்ததும் பத்தை எடுத்து எடை போடுங்கள். சூடு கடத்துகிற அலுமினியத்தில்தான் முதலில் கை வைப்பார்கள், 40 கிராம் குறைந்தால் அங்கேயே தெரிந்துவிடும். பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு, பவர் ஃபேக்டர் (இழுக்கிற கரண்டில் உண்மையில் வேலைக்குப் பயன்படுகிற பங்கு) 0.9-க்கு மேல், வெளி விளக்குக்கு 10 கிலோவோல்ட் சர்ஜ் (திடீர் மின்னழுத்த எழுச்சி) பாதுகாப்பு, இதில் எதையும் விட்டுக்கொடுக்காதீர்கள். முகாம் முழுதுக்கும் உயர் அழுத்த இணைப்பு ஒரே இடத்தில்தான் வருகிறது, பவர் ஃபேக்டர் கெட்டால் அபராதம் மொத்த பில்லில் ஏறும்.

ஒரே சுவிட்சில் நாற்பது பேட்டன், போட்டதும் எம்சிபி (கரண்ட் கூடினால் தானே துண்டிக்கிற சுவிட்ச்) விழுகிறது. லோடு குறைந்துதானே இருக்கிறது?

ஓடும்போது குறைவு, போட்ட அந்தக் கணத்தில் எல்லா டிரைவரும் சேர்ந்து ஒரே இழுப்பாக இழுக்கும். பி வகை எம்சிபி இருந்தால், அந்தக் கண நேர இழுப்பைத் தாங்குகிற சி வகையாக்குங்கள், அல்லது இரண்டு மூன்று சர்க்யூட்டாகப் பிரியுங்கள். ஆம்பியரைக் கூட்டிப் பெரிய எம்சிபி போடுகிற வேலை வேண்டாம், வயர் பழையது.

சென்சார், மொபைல் ஆப் எல்லாம் வைக்கலாமா?

கழிப்பறை, படிக்கட்டு, ஸ்டோர் இங்கெல்லாம் அசைவு சென்சார் அருமை. சுற்றுச்சுவரில் வேண்டாம், நாயும் பன்றியும் விளக்கைப் போட்டு அணைத்து சென்ட்ரியைப் பைத்தியமாக்கும், அதோடு அவன் நடப்பதையும் விளக்கே காட்டிக்கொடுக்கும். தெருவிளக்குக்கு சூரிய உதய அஸ்தமன நேரத்தைத் தானே கணக்கிடுகிற டைமர் போதும். வைஃபை, புளூடூத்தில் ஓடுகிற விளக்கு முகாமுக்குள் வேண்டவே வேண்டாம். எந்தக் கட்டடத்தில் எத்தனை மணிக்கு விளக்கு எரிந்தது என்பதே ஒரு தகவல்.

கழற்றிய டியூப்பை என்ன செய்வது?

ஒர்க்‌ஷாப் பின்னால் குவித்து வைக்காதீர்கள். ஒவ்வொன்றிலும் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது, குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் அதை எடுத்துக் கத்திச் சண்டை போட்டு உடைப்பதை நான் விரட்டியிருக்கிறேன். வந்த அட்டைப் பெட்டியிலேயே புது விளக்கை எடுத்துவிட்டுப் பழையதை வையுங்கள், நீளம் சரியாக இருக்கும். மின்கழிவு விதிகளின்படி அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் கொடுக்க வேண்டும், பழைய இரும்பு ஏலத்தோடு சேர்த்து விட முடியாது.

குவார்ட்டர்ஸில் நாங்களே மாற்றிக்கொள்ளலாமா?

ஹோல்டரில் திருகுகிற பல்பு என்றால் தாராளமாக. ஃபிட்டிங்கையும் வயரையும் தொடுவதென்றால் கம்ப்ளெயிண்ட் புக்கில் எழுதிவிட்டு எம்இஎஸ் ஆள் வரும்வரை பொறுங்கள், நாலு நாள் ஆகும், தெரியும். சொந்தக் காசில் வாங்கி மாட்டிய நல்ல விளக்கென்றால் போஸ்டிங் வரும்போது கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம். பழையதைப் பத்திரமாக வைத்திருந்து திரும்ப மாட்டிவிட்டுப் போங்கள், இல்லையென்றால் வீடு ஒப்படைக்கும்போது பிடித்தம் எழுதுவார்கள்.